பெருந்தொற்று நேரத்தில் ஊர்க் கபடிப் போட்டியை மறுபடி எப்போது நடத்தலாம்? கமிட்டிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கபடியில் பாடிப் போகிறவர் ஒரே மூச்சில், சத்தமாக, எதிரணி ஆட்களின் முகத்துக்கு நேராகக் "கபடி கபடி" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் அவுட். ஒரு ரைடுக்கு 30 விநாடி. பிடிக்கிறவர்கள் கையோடு கை கோத்து நிற்பார்கள். பிடி விழுந்துவிட்டால் நாலைந்து பேர் ஒருவர்மேல் ஒருவராக மூச்சிரைக்கக் கிடப்பார்கள். மூச்சுக்காற்று வழியாகத் தொற்றும் நோய் ஊருக்குள் இருக்கும்போது, நாம் நேசிக்கிற இந்த ஆட்டத்தின் ஒவ்வொரு அழகும் ஆபத்தாக மாறிவிடுகிறது.

அதற்காக நடத்தவே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது எங்கள் அணியில் 19 வயதில் ஒரு பையன் இருந்தான். ஊர் ஊராகப் போய் ஆடிக் காட்டினால்தான் மாவட்ட அணித் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். அதிலிருந்துதான் போலீஸ் வேலை, ரயில்வே வேலை என்று ஒரு பாதை திறக்கும். அவனுக்கு இரண்டு வருடம் அப்படியே போயிற்று. 19 வயதுப் பையனுக்கு இரண்டு வருடம் என்பது சின்ன விஷயமில்லை. அதனால்தான் எப்போது, எந்த அளவில், எதைப் பார்த்து மறுபடி தொடங்குவது என்பதைக் கமிட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கொரோனா காலத்தில் நாங்கள் பட்டதை வைத்து எழுதுகிறேன். அடுத்து வரும் நோய் வேறு மாதிரிப் பரவக்கூடும். தண்ணீரில் பரவுகிறதா, கொசுவில் பரவுகிறதா, காற்றில் பரவுகிறதா என்பதை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே சொல்வதெல்லாம் காற்றில் பரவும் நோய்க்கு.

முதல் படி: அனுமதி இருக்கிறதா?

அரசு தடை போட்டிருந்தால் பேச்சே இல்லை. ஊரடங்கு ஆணைகள் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் கீழ் வருகின்றன. மீறினால் வழக்கு கமிட்டிக்காரர்கள் மேல்தான் விழும். தடை இல்லையென்றால் கலெக்டர் அலுவலகம், காவல் நிலையம், பஞ்சாயத்து மூன்றிலும் எழுத்தில் கேளுங்கள். மாவட்ட அமெச்சூர் கபடிக் கழகத்திடமும் சொல்லிவிடுங்கள், நடுவர்கள் அங்கிருந்துதான் வர வேண்டும்.

ஆனால் அனுமதி வந்ததாலேயே தேதி உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜல்லிக்கட்டைப் பாருங்கள். 2021 பொங்கலுக்குப் பார்வையாளர்கள் 50 சதவீதம் வரை வரலாம் என்று அனுமதித்தார்கள். 2022-இல் 150 பேர் அல்லது இருக்கைகளில் பாதி, இரண்டில் எது குறைவோ அது என்று இறுக்கினார்கள். அந்த வருடம் ஜனவரி 16 ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டே 17-ஆம் தேதிக்குத் தள்ளிப் போனது. அலங்காநல்லூருக்கே தேதி மாறும் என்றால் நம் ஊர்ப் போட்டிக்கு மாறாதா? ஆகவே நோட்டீஸ் அடிக்கும்போதே தேதிக்குக் கீழே "சூழ்நிலையைப் பொறுத்துத் தேதி மாறலாம், நுழைவுக் கட்டணம் முழுதாகத் திருப்பித் தரப்படும்" என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எண்களைப் பார்க்கப் பழகுங்கள்

இதற்குப் படிப்பு ஒன்றும் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். கொரோனா காலத்தில் சுகாதாரத் துறை தினமும் மாவட்டவாரியாக எண்ணிக்கை வெளியிட்டது. அதில் ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை குறைவு, திங்கட்கிழமை எண் குறைந்து தெரியும்; உடனே "குறைஞ்சிருச்சு, ஆரம்பிச்சிரலாம்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் போடுவார்கள். ஏழு நாள் எண்களைக் கூட்டுங்கள். போன ஏழு நாள் கூட்டலோடு ஒப்பிடுங்கள். ஒரு வாரம் 210, அடுத்த வாரம் 180, அதற்கடுத்த வாரம் 150 என்று வந்தால் இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். 210, 150, 190 என்று வந்தால் பொறுங்கள்.

அடுத்து, பரிசோதனை செய்தவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று என்று பாருங்கள். மாவட்டத்தில் ஒரு நாளில் 4,000 பேருக்குப் பரிசோதனை செய்து 320 பேருக்குத் தொற்று என்றால் அது 8 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் சொன்ன அளவுகோல், குறைந்தது இரண்டு வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. பரிசோதனையையே குறைத்துவிட்டால் தொற்று எண்ணும் தானாகக் குறையும். இந்தச் சதவீதத்தைப் பார்த்தால்தான் அது தெரியவரும்.

இன்று நாம் பார்க்கும் எண் இன்றைய நிலவரம் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். கொரோனா வந்த முதல் வருடத்தில், தொற்றியவருக்கு அறிகுறி வர 2 முதல் 14 நாள் ஆனது, பெரும்பாலும் ஐந்து நாள் வாக்கில் வந்தது. அப்புறம் அவர் பரிசோதனைக்குப் போய், முடிவு வந்து, பட்டியலில் ஏறும்போது ஒரு வாரம், பத்து நாள் ஓடியிருக்கும். ஏறுமுகத்தில் இருக்கும்போது இந்தப் பத்து நாள்தான் ஏமாற்றும். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் நடந்த இரண்டாவது டெஸ்டுக்கு 50 சதவீதம் ரசிகர்களை உள்ளே விட்டார்கள். அப்போது தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 500 பேருக்குத்தான் தொற்று. அதே வருடம் மே 21-ஆம் தேதி ஒரே நாளில் 36,184 பேர். இடையில் மூன்று மாதம்தான்.

கடைசியாக, அரசு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் படுக்கை எத்தனை காலி என்று கேளுங்கள். கபடியில் தோள்பட்டை இறங்கும், முட்டி திரும்பும், தலையில் அடிபடும். நோயாளிகளால் நிரம்பி வழியும் ஆஸ்பத்திரிக்கு நாமும் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கக் கூடாது.

மூன்றாம் படி: எந்த ஆட்டத்தை முதலில் தொடங்குவது

எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. திறந்தவெளியில் ஓட்டப்பந்தயம், தனித்தனியாகச் சிலம்பம் சுற்றுவது இரண்டையும் முதலில் தொடங்கலாம். அடுத்து கிரிக்கெட், அப்புறம் வாலிபால், அங்கே நடுவில் நெட் இருக்கிறது. கபடி கடைசி. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. மண்டபத்துக்குள் ஜன்னலை மூடிக்கொண்டு ஆடும் ஷட்டில், கேரம் போன்றவற்றையும் கபடி பக்கத்தில்தான் வைப்பேன், காற்றோட்டம் இல்லாததால்.

2020 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ளரங்கம் ஒன்றில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைப் பற்றி அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிக்கை வெளியிட்டது. பொழுதுபோக்குக்காக ஆடுகிறவர்கள், இரண்டு அணியும் சேர்த்து 22 பேர். ஐந்து நாளுக்குள் 14 ஆட்டக்காரர்களுக்கும் அரங்க ஊழியர் ஒருவருக்கும் அறிகுறி வந்துவிட்டது. முதலில் தொற்று கொண்டுவந்தவர் என்று கருதப்பட்டவருக்குக் காய்ச்சலே ஆட்டத்துக்கு மறுநாள்தான் வந்தது. வாசலில் நெற்றிக்கு நேராக வெப்பமானியைப் பிடித்திருந்தால் அவர் பாஸாகி உள்ளே போயிருப்பார். அந்த ஒரு கருவியை நம்பிப் போட்டி நடத்தாதீர்கள்.

எங்கள் ஊரில் 2020 கடைசியில் பயிற்சி தொடங்கியபோது களம் முழுக்கப் பிளீச்சிங் பவுடர் தூவினோம், ஆளுக்கொரு சானிடைசர் பாட்டில் கொடுத்தோம். அப்புறம் பதினைந்து பேரும் ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெர்சி மாற்றினோம். மண்ணைவிட அந்த அறையின் காற்றுத்தான் ஆபத்து என்று பிறகுதான் புரிந்தது. கைகழுவத் தண்ணீரும் சோப்பும் வையுங்கள், அது எப்போதும் நல்லது. உடை மாற்றுவதை மட்டும் வெளியே பந்தல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கபடிக்குள்ளேயே படிப்படியாகப் போக வேண்டும். முதல் இரண்டு வாரம் ஓட்டம், தண்டால், கால் வீச்சுப் பயிற்சி, இடைவெளி விட்டு. அடுத்த இரண்டு வாரம் ஆறேழு பேர் கொண்ட குழு, எப்போதும் அதே ஆட்கள், பிடிப் பயிற்சி. அதன்பின் சொந்த அணிக்குள் ஆட்டம். அப்புறம் பக்கத்து ஊரோடு ஒரே ஒரு பிரண்ட்லி. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே யாருக்காவது காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டோர்னமெண்ட் என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

நான்காம் படி: களத்துக்கு வெளியே என்ன நடக்கும் என்று எழுதிப் பாருங்கள்

நம் பக்கத்துக் கபடி டோர்னமெண்ட் எப்படி நடக்கும்? சாயங்காலம் தொடங்கி விடிய விடிய, லைட் வெளிச்சத்தில். 32 அணி. ஒவ்வொரு அணியும் ஒரே வேனில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ தங்கல். பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு. பைனல் நேரத்தில் கயிற்றைச் சுற்றி ஊரே நிற்கும். களத்தில் ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரம். வேன், பந்தி, தூக்கம் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். நோய்க்கு எங்கே அதிக நேரம் கிடைக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

டென்னிஸ் வெட்டவெளியில் ஆடும் ஆட்டம், ஆளை ஆள் தொடுவதுகூடக் கிடையாது. ஆனால் 2020 ஜூனில் நோவாக் ஜோகோவிச் முன்னின்று செர்பியாவிலும் குரோஷியாவிலும் நடத்திய ஆட்ரியா டூர் காட்சிப் போட்டிகளில் ரசிகர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள், இரவு விருந்தில் ஆட்டக்காரர்கள் ஒன்றாக ஆடிப் பாடினார்கள். ஜோகோவிச், திமித்ரோவ், சோரிச், திரோய்ச்கி நாலு பேருக்கும் தொற்று உறுதியாகி, போட்டி பாதியில் நின்றது.

பெரிய லீக்குகள் எல்லாரையும் ஓட்டலில் அடைத்து வைத்து நடத்தின. ஐபிஎல்-இல் அவ்வளவு ஏற்பாடு இருந்தும் உள்ளே தொற்று புகுந்து 2021 மே 4-ஆம் தேதி நிறுத்தினார்கள். புரோ கபடியின் எட்டாவது சீசன் 2021 டிசம்பரில்தான் தொடங்கியது, பெங்களூரில் ஒரே இடத்தில், பார்வையாளர் இல்லாமல். அந்த மாதிரி ஏற்பாடு ஊர்க் கமிட்டியால் ஆகாது. நம்மால் முடிவது போட்டியைச் சுருக்குவது.

நாங்கள் மறுபடி தொடங்கியபோது செய்ததை அப்படியே சொல்கிறேன். சைக்கிளிலோ பைக்கிலோ வரக்கூடிய தூரத்திலிருந்து எட்டே அணிகள். அணிக்கு 12 பேர், மொத்தம் 96. நாக் அவுட், அதனால் ஏழே ஆட்டம். பாதிக்கு 15 நிமிடமாகக் குறைத்து, இடைவேளையும் களத்தைச் சரிசெய்யும் நேரமும் சேர்த்து ஒரு ஆட்டத்துக்கு 45 நிமிடம் ஒதுக்கினோம். காலை ஏழிலிருந்து பத்து வரை கால் இறுதிகள் நாலும். தோற்ற அணி அப்போதே கிளம்பிவிடும். ஜெயித்த நாலு அணியும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, தூங்கி, மாலை நாலு மணிக்குத் திரும்ப வரும். ஆறே முக்காலுக்குப் பைனல் முடிந்துவிட்டது. இதில் சமையல் இல்லை, தங்கல் இல்லை, வேன் இல்லை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பெயர் எழுதி ஒட்டியது. பரிசளிப்புக்கு மேடை போடவில்லை; கேப்டன் மட்டும் வந்து கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். ஊர்க்காரர்கள் சிலருக்கு வருத்தம்தான், திருவிழா மாதிரி இல்லையே என்று. ஆட்டம் ஆட்டமாக இருந்தது, பையன்கள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

ஐந்தாம் படி: காசு வாங்குவதற்கு முன்னால் நிறுத்தும் விதியை எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதா என்று யோசிக்க எல்லாரும் தயார். எது நடந்தால் நிறுத்துவோம் என்பதை யாரும் பேச மாட்டார்கள். காசு வசூலான பிறகு பேசவும் முடியாது.

2021 மார்ச்சில் நாங்கள் சித்திரை மாதப் போட்டிக்கு ஏற்பாடு செய்தோம். 26 அணிகள் நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டன. மைக்செட்டுக்கும் லைட்டுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று, பிளக்ஸ் வைத்தாயிற்று, முதல் பரிசுத்தொகையை வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் அனுப்பிவிட்டார். மார்ச் கடைசியில் எண்கள் ஏறுவது எல்லாருக்கும் தெரிந்தது. கமிட்டி ஐந்து முறை கூடியது; ஐந்து முறையும் "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று கலைந்தோம். பரிசு தந்தவர் என்ன நினைப்பார், மைக்செட்காரர் முன்பணத்தைத் தருவாரா என்பதுதான் பேச்சு. யாருக்கு நோய் வரும் என்பதை யாரும் பேசவில்லை, நான் உட்பட. ஏப்ரல் 20 முதல் இரவு ஊரடங்கு என்று அரசு அறிவித்ததும்தான் நிறுத்தினோம். அந்த முடிவை நாங்கள் எடுக்கவில்லை, எங்களுக்காக அரசு எடுத்தது. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து முடிக்க இரண்டு மாதம் ஆனது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதல் கூட்டத்திலேயே, ஒரு ரூபாய்கூட வசூலாவதற்கு முன், தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் நோட்டில் இருப்பது இது: மாவட்டத்தின் வாரக் கூட்டல் முந்தைய வாரத்தைவிட ஏறினால், தொற்றுச் சதவீதம் ஐந்தைத் தாண்டினால், அரசு ஆஸ்பத்திரி ஆக்சிஜன் படுக்கையில் முக்கால்வாசி நிரம்பினால், அல்லது பங்கேற்கும் ஊர் ஒன்றில் ஒரே தெருவில் மூன்று வீட்டில் நோய் வந்தால் தள்ளிவைக்க வேண்டும். நாலில் ஒன்று நடந்தாலும் போதும், ஓட்டெடுப்புக் கிடையாது.

பார்க்கும் நாள் மூன்று. போட்டிக்கு முப்பது நாள் முன்பு பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் அணிகளுக்குச் சொல்லுங்கள். பத்து நாள் முன்பு மறுபடி பார்த்துவிட்டு நோட்டீஸ் அடியுங்கள், கட்டணம் வாங்குங்கள், பிளக்ஸும் அப்போதுதான். மூன்று நாள் முன்பு கடைசியாக ஒரு முறை. மைக்செட், பந்தல்காரர்களிடம் முன்பணம் தரும்போதே "தள்ளிப் போனால் இதே பணம் அடுத்த தேதிக்கு" என்று பேசிக்கொள்ளுங்கள். அவர்களும் அந்த இரண்டு வருடம் வேலையில்லாமல் கஷ்டப்பட்டவர்கள். முன்னாலேயே பேசினால் ஒத்துக்கொள்வார்கள். பரிசு தருகிறவரிடம் நோட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டு அப்புறம் பணம் கேளுங்கள்.

ஆறாம் படி: பையன்கள் உண்மையைச் சொல்ல வழி செய்யுங்கள்

இருமுகிறவனிடம் கேட்டால் "தூசிண்ணே" என்பான். போன சனிக்கிழமை காய்ச்சல் இருந்ததா என்றால் தலையாட்ட மாட்டான். அவனைக் குறை சொல்லக் கூடாது. ஆறு மாதம் பயிற்சி எடுத்திருக்கிறான், அவன் விலகினால் அணிக்கு ஆள் குறையும், கட்டிய பணமும் போகும். அப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு உண்மையை எதிர்பார்த்தால் கிடைக்காது. நோய் என்று சொல்லி விலகும் அணிக்குப் போட்டியன்று காலைகூட முழுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். கடைசி நிமிடத்தில் மாற்று ஆள் சேர்க்க அனுமதியுங்கள். அடுத்த போட்டியில் அந்த அணிக்கு இடம் உறுதி என்று சொல்லுங்கள். இதைச் செய்த பிறகு, போட்டிக்கு முந்தின இரவே இரண்டு கேப்டன்கள் தாமாகவே போன் செய்து ஆளை மாற்றிக்கொண்டார்கள்.

நோய் வந்து குணமானவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கொரோனா சிலருக்கு இதயத் தசையில் வீக்கம் உண்டாக்கியது. அந்த நிலையில் கடுமையாக ஓடினால் உயிருக்கே ஆபத்து. 2020-இல் பிரிட்டன் விளையாட்டு மருத்துவர்கள் வகுத்த முறைப்படி குறைந்தது 10 நாள் ஓய்வு, அதில் கடைசி 7 நாள் அறிகுறியே இருக்கக் கூடாது, அதன்பின் சிறிது சிறிதாகப் பயிற்சியைக் கூட்டி 17 நாளுக்குப் பிறகே முழு ஆட்டம். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் இருந்தால் ஈசிஜி எடுத்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை களத்தில் இறக்காதீர்கள்.

நோயே வராதவர்களுக்கும் உடம்பு விட்டுப்போயிருக்கும். 2011-இல் அமெரிக்காவில் பந்தைக் கையில் ஏந்தி முட்டி மோதி ஆடும் 'அமெரிக்கன் ஃபுட்பால்' லீக்கில் (என்எஃப்எல்) சம்பளத் தகராறால் மாதக்கணக்கில் பயிற்சி நின்றது. திரும்ப வந்த முதல் 29 நாளில் 12 பேருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. சம்பளம் வாங்கும் வீரர்களுக்கே அப்படி. கபடியில் பின்னால் துள்ளி நடுக்கோட்டைத் தொடும் அந்த ஒரு உதைப்பில்தான் குதிகாலுக்கு முழுப் பாரமும். குறைந்தது ஆறு வாரப் பயிற்சி இல்லாத அணியைச் சேர்க்காதீர்கள்.

தடுப்பூசி வந்துவிட்டதென்றால், ஆடுகிறவன் போட்டிருக்கிறானா என்பதோடு அவன் வீட்டில் இருக்கும் அப்பத்தா போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். பையனுக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடும். அவன் தட்டில் சோறு போடுகிறவருக்கு அப்படிப் போகாது.

ஏழாம் படி: போட்டியன்றும் அதற்குப் பிறகும்

போட்டியன்று ஒருவருக்கு ஒரே வேலை, வாசலில் நோட்டோடு உட்காருவது. வருகிற ஒவ்வொருவரின் பெயர், ஊர், போன் நம்பர், வந்த நேரம், போன நேரம். நடுவர், ஸ்கோர் எழுதுகிறவர், தண்ணீர் ஊற்றுகிறவர் எல்லாரும் இதில் வர வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் முன்னாலேயே தேதியைச் சொல்லி வையுங்கள்.

முடிந்த மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள் ஒவ்வொரு கேப்டனுக்கும் போன் செய்யுங்கள். "யாருக்காவது காய்ச்சல், சளி, உடம்புவலி இருக்கா?" என்ற ஒரு கேள்வி போதும். ஒருவருக்கு இருந்தாலும் சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, அவருடைய அணிக்கும் அதோடு ஆடிய எல்லா அணிக்கும் அன்றைக்கே தகவல் கொடுங்கள். நோயாளியின் பெயரைக் குரூப்பில் போடாதீர்கள். ஒரு பையனை ஊரே ஒதுக்கிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பதினான்கு நாள் கழிந்து யாருக்கும் ஒன்றும் இல்லையென்றால் நோட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்து எரித்துவிட்டு, அடுத்த போட்டியைப் பற்றிப் பேச கமிட்டியைக் கூட்டுங்கள்.